வேப்பிலைக்குப் பதில் ஒரு மரம்: டர்பனில் நாட்டுச்செடி நர்சரி, மூன்று வருட அனுபவம்

என்ன செடி வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், “உங்கள் வீட்டில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடும்?” என்று கேட்ட கடையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கேட்டவர் அங்கே வேலை செய்யும் ஜூலு பெரியவர். எனக்குப் பதில் தெரியவில்லை. “அடுத்த மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய் நின்று பாருங்கள், அப்புறம் வாருங்கள் சிசி” என்று வெறுங்கையோடு அனுப்பிவிட்டார் (சிசி என்றால் சகோதரி). எங்கள் வீடு இருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஹில்கிரெஸ்ட் பக்கம் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போனவளுக்குக் கோபம்தான் வந்தது. இப்போது மூன்று வருடம் ஆகிறது. எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருப்பதில் பாதிக்கு மேல் அந்த நர்சரியில் வாங்கியவை.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்து மண்ணுக்கே உரிய செடிகளை மட்டும் விதையிலிருந்து வளர்த்து விற்கும் சின்ன இடம் அது. ரோஜா கிடையாது, குரோட்டன்ஸ் கிடையாது, சுருட்டி விற்கும் புல்தரை கிடையாது. குறைகளையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் போடவில்லை. இதுபோன்ற நர்சரிகள் டர்பன் சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில உண்டு. நான் சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு மரம். 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பன்காரர்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மாகாணம் முழுவதும் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எங்கள் தெருவில் உயிர்ச்சேதம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடையை நோக்கிச் சரிகிற மேடு மட்டும் இரவோடு இரவாக இறங்கிவிட்டது. அதோடு ஆயாவின் வேப்பமரமும் போனது.

ஆயா என் வீட்டுக்காரரின் பாட்டி. நான் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். இந்த வீட்டில் என்னோடு நாள் முழுக்கத் தமிழில் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். மாநகராட்சி வேலைக்காரர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு அது, பெரும்பாலும் தமிழர்களும் தெலுங்கர்களும் இருந்த இடம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தைக் காட்டி அங்கிருந்தவர்களைக் கிளப்பி, 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து போட்டபோது, ஆயா கையில் ஒரு குழந்தை, பழைய பால் டின்னில் ஒரு கன்று. அந்தக் கன்றுதான் வெள்ளத்தில் போன மரம்.

அவர் வேம்பு என்று சொன்னாலும் அது வேம்பு இல்லை. நம் மலைவேம்புக்கு நெருங்கிய சாதி. இங்கே சிரிங்கா என்பார்கள். மாரியம்மனுக்கு வேப்பிலை இல்லாமல் எப்படி? வேம்பு கைக்கு எட்டாத ஊரில், இலை ஜாடையைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதையே வேம்பாக வைத்துக்கொண்டார்கள். ஈஸ்டர் சமயத்தில் வருகிற மாரியம்மன் பூசைக்கு இலை நன்றாகக் கிடைக்கும். ஆனால் இங்கே ஆடி மாதம் நடுக்குளிரில் வருகிறது, சிரிங்கா குளிரில் இலை உதிர்க்கிற மரம். கூழ் ஊற்றுகிற நாளில் பல வருடம் மரத்தில் மஞ்சள் காய்க் கொத்து மட்டும்தான் தொங்கும். இலைக்காக ஆயா அக்கம்பக்கம் அலைவதை நானே பார்த்திருக்கிறேன்.

மரம் விழுந்ததும் அதே சாதியை மறுபடி நடலாம் என்றுதான் நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, சிரிங்கா இந்த நாட்டின் ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலில் இருக்கிறது என்று. அரசு விதிகளின்படி இப்படிப்பட்ட செடிகளைப் புதிதாக நடவோ விற்கவோ கூடாது. காரணம் எங்கள் பின்பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரிந்தது. பறவைகள் காயைத் தின்று விதையைப் போட்டுப் போட்டு, ஓடைக்கரை முழுக்கச் சிரிங்காக் கன்றுகள். மிச்ச இடமெல்லாம் உண்ணிச்செடி. களக்காடு, முண்டந்துறைப் பக்கம் மலையேறியவர்களுக்கு உண்ணிச்செடியை அறிமுகம் செய்ய வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, அங்கேயும் காட்டை அடைக்கிறது, இங்கேயும் அடைக்கிறது. அது அடர்ந்து நிற்கிற இடத்தில் கீழே ஒரு புல் முளைக்காது.

முதலில் ஒரு பெரிய தோட்டக் கடைக்குத்தான் போனோம். “காட்டுப்பூக்கள்” என்று படம் போட்ட விதைப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்தால் எல்லாம் ஐரோப்பியப் பூக்கள். எந்தக் காட்டுப் பூ என்று கேட்காமல் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

சரி, நர்சரிக்கு வருவோம். இரண்டாவது தடவை ஒரு தாளில் மேட்டைப் படமாக வரைந்து, தண்ணீர் இறங்குகிற தடத்தை அம்புக்குறி போட்டு எடுத்துப் போனேன். பெரியவரும், நர்சரியை நடத்துகிற அம்மாவும் அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு வாங்கவில்லை. அவர்கள் சொன்னதில் முக்கியமானது, உண்ணிச்செடியை ஒரேயடியாகப் பிடுங்காதே என்பது. சரிவில் மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பொல்லாத வேர்தான். மேட்டுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக வெட்டு. வெட்டிய பட்டையில் அரைவட்டமாகப் பாத்தி எடுத்து நாட்டுச் செடியை வை. அது வேர் பிடித்த பிறகு அடுத்த பட்டைக்குப் போ. வெட்டிய தண்டைக் குறுக்கே அடுக்கினால் மண் வழியாது, காய் இருக்கிற கிளையை மட்டும் தனியே எடுத்துவிடு. மேடு முழுக்கச் சுத்தமாக ஒன்றரை வருடம் ஆனது. அதற்குப் பிறகு வந்த மழைகளில் ஒரு கூடை மண்கூட இறங்கவில்லை.

அன்றைக்கு மரத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. வேப்பிலை எதற்கு என்று பெரியவர் கேட்டார். ஆத்தாளுக்கு வைக்கிற இலை, அம்மை போட்டால் வாசலில் செருகுகிற இலை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாகப் புரிந்துகொண்டார். ஜூலு மக்களிடம் உம்லாலாங்கோசி என்று ஒரு முள்மரம் இருக்கிறது, நம் இலந்தையின் சாதி. வீட்டைவிட்டு வெளியூரில் ஒருவர் இறந்துபோனால், அந்த மரத்துக் கிளை ஒன்றை எடுத்துப்போய், இறந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆவியைக் கிளையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்து வருவார்களாம். வழியெல்லாம், “இப்போது ஆற்றைத் தாண்டுகிறோம், இப்போது வண்டி மாறுகிறோம்” என்று கிளையோடு பேசிக்கொண்டே வர வேண்டும். அவர் தன் அண்ணனை ஜோகனஸ்பர்க்கிலிருந்து அப்படித்தான் அழைத்து வந்தாராம். மினிபஸ் டாக்ஸியில் கிளைக்கும் ஒரு சீட்டுக்குக் காசு கொடுத்தாராம். “இலை இல்லாமல் காரியம் இல்லை, எங்களுக்கும்தான்” என்றார்.

சொல்லிவிட்டு நிழல்வலைக்குள் கூட்டிப்போய் ஒரு கன்றைக் காட்டினார். உம்ஞாமாதி என்பது ஜூலுப் பெயர். கேப் ஆஷ் என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். காம்பின் இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகச் சிற்றிலை, நுனியில் ஒன்று. தூரத்திலிருந்து பார்த்தால் வேப்பங்கொத்தேதான். கிட்டத்தில் பார்த்தால் ஓரத்தில் ரம்பப் பல் இல்லை, இலை கொஞ்சம் அகலம், அடிப்பக்கம் மட்டும் வேம்பைப்போலவே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். வேம்பும் சிரிங்காவும் இதுவும் ஒரே குடும்பம் என்று அந்த அம்மா சொன்னார். குளிர்காலத்தில் டர்பனில் இது மொட்டையாவதில்லை. சிவப்புப் பழம் பழுத்தால் பறவைகள் தேடி வரும். ஆண் மரம் தனி, பெண் மரம் தனி என்பதால் பழத்துக்கு உத்தரவாதம் இல்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெரிதாக வளர்கிற மரம், சுவரிலிருந்து தள்ளி வை என்றார்கள். விற்கிற இடத்தில் இப்படிச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

இடுப்புயரக் கன்று ஒன்றை வாங்கி வந்தேன். ஆயா ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி, மோந்து பார்த்துவிட்டு, “இது வேம்பு இல்ல” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் நட்டேன்.

பெரியவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அந்த நர்சரியின் மதிப்பே அவர்தான். விதை முளைக்கவைக்கிற வேலையை அவர் கற்றுக்கொண்டது வெருலம் பக்கத்தில் பஃபல்ஸ்டிராயில். அங்கே மாநகராட்சிக் குப்பைக்கிடங்கைச் சுற்றி இருந்த பழைய கரும்பு நிலத்தை மறுபடி காடாக்குகிற வேலை 2008இல் தொடங்கியது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியால் வருகிற புகைக்கு ஈடாக மரம் வளர்ப்பது என்பது திட்டம். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் வீட்டு முற்றத்தில் நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் கொடுப்பார்கள், கன்றுக்கு ஈடாக மளிகைச் சாமான், பள்ளிக் கட்டணம் என்று வாங்கிக்கொள்வார்கள். இவர் மனைவி வளர்த்த கன்றுகளில்தான் பிள்ளைகள் படித்தார்களாம்.

இதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்தது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை இறக்கியது கரும்புக்காகத்தான். ஆயாவின் தாத்தாவும் பின்னால் அந்தக் கரும்புக்குத்தான் வந்தார். கரும்பு போட்ட நிலம் முன்பு கடலோரக் காடும் புல்வெளியுமாக இருந்தது. நம் ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக அதை உழுதார்கள், அவர்கள் விரும்பிச் செய்த வேலை இல்லை. ஆனாலும் அதே மண்ணில் ஒரு மரத்தை நான் திரும்ப வைக்கிறேன் என்ற நினைப்பு எனக்குப் பெரிதாகத்தான் இருக்கிறது.

இனி மற்ற செடிகள். அமாதுங்குலு என்று ஒரு புதர். கையில் வாங்கியதும் எனக்கு ஊர் நினைவு வந்துவிட்டது, ஏனென்றால் அது நம் களாவின் தங்கை. கிள்ளினால் பால், கவைமுள், வெள்ளைப் பூ, இரவில் மல்லிகைபோல வாசனை. பழம் களாவைவிடப் பெரிது, நல்ல சிவப்பு. பழுக்காததைத் தொடக் கூடாது, பழுத்ததில் நான் தொக்கு போடுகிறேன். குரங்கு வருகிற பக்கம் வேலியாக ஒரு டஜன் வாங்கினேன். குரங்குகள் முதல் வாரம் இரண்டைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, முள் குத்தியதும் விட்டுவிட்டன.

இதில்தான் என் முதல் குறை. பன்னிரண்டில் ஆறு, உயரமே வளராமல் தரையில் படர்கிற குட்டை ரகம். ஆறு மாதம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. பைகளில் சீட்டு மாறியிருக்கிறது. போய்ச் சொன்னேன். அந்த அம்மா மறுக்கவில்லை, நாலுக்கு மாற்றுச் செடி கொடுத்தார். மீதி இரண்டுக்கு, “மேட்டில் படரட்டும், நல்லதுதான்” என்றார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வேலிக்கென்று கேட்டு வாங்கியது வேலிக்கு ஆக வேண்டும். என் வேலியில் இன்றும் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கிறது.

இரண்டாவது குறை, இவர்கள் சொல்லாமல் விடுகிற விஷயங்கள். காட்டு இஞ்சி ஒரு தொட்டி வாங்கினேன். இசிபெபெத்தோ என்பார்கள். இருமலுக்கும் சளிக்கும் கிழங்கைத் தோண்டித் தோண்டி, இந்த மாகாணத்துக் காட்டில் ஏறக்குறைய இல்லாமலே போன செடி. (எங்கள் சாட்ஸ்வொர்த்திலேயே சில்வர்கிளென் காப்பகத்தில் 1980களில் மாநகராட்சி ஒரு மூலிகை நர்சரி தொடங்கியது இப்படிப்பட்ட செடிகளுக்காகத்தான். மருந்துச் செடியைக் காட்டில் பிடுங்காமல் வளர்த்து எடுக்கட்டும் என்று.) மே மாதம் இலையெல்லாம் பழுத்து, ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அழுகிவிட்டது என்று நினைத்துத் தொட்டியைக் கவிழ்க்கப் போனேன். ஆயாதான், “மஞ்சளும் இப்படித்தான் தூங்கும், விடு” என்றார். அக்டோபரில் இலை வருவதற்கு முன்பே மண்ணை ஒட்டி ஒரு பூ வந்தது. இளஞ்சிவப்பு, நடுவில் மஞ்சள் தீற்று. குனிந்து மண்டியிட்டால்தான் முகர முடியும். அப்படியொரு பூவை நான் மண்ணில் கொட்டியிருப்பேன். குளிரில் உறங்கும், தண்ணீர் ஊற்றாதே என்று சீட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். சீட்டில் லத்தீன் பெயர், ஜூலுப் பெயர், ஆங்கிலப் பெயர் மூன்றும் இருக்கின்றன, வளர்ப்பு முறை இல்லை.

ஆனால் நான் வாங்கியதிலேயே மலிவான செடிதான் எங்கள் வீட்டில் எல்லோரையும் வெளியே இழுத்தது. நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி. காய் பலூன் மாதிரி உப்பி, மேலெல்லாம் மயிராக இருக்கும். ஒரு சின்னப் பை 30 ரேண்ட். நட்ட மூன்றாவது வாரம் ஒரு ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி வந்து, வயிற்றை வளைத்து, இலைக்கு அடியில் ஒவ்வொரு முட்டையாக ஒட்டிவிட்டுப் போனது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, நம் வெந்தய வரியன். தாமிரபரணிக் கரையில் எருக்கஞ்செடியைச் சுற்றிக்கொண்டிருக்குமே, அதே பூச்சி. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஒரே பூச்சிதான். அம்பாசமுத்திரத்தில் எருக்கு, இங்கே இது.

என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிவந்து காட்டினேன். புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று வளையம் வளையமாக இருக்கும். முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. பக்கத்தில் காதை வைத்தால் இலையை அரம்போல அரிக்கிற சத்தம் லேசாகக் கேட்கும். காம்பை உடைத்தால் வழிகிற பால் நச்சு, கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அந்த நச்சை உண்டு உடம்பில் வைத்துக்கொள்வதால் பறவைகள் இந்தப் பூச்சியை விட்டுவிடுகின்றன. கூடு இளம்பச்சை, மேலே வரிசையாகப் புள்ளிகள், வெயில் பட்டால் பொன்போல மின்னும். ஒரு காலை கூட்டுக்குள்ளே ஆரஞ்சு நிறம் கண்ணாடி வழியாகத் தெரிவதுபோலத் தெரிந்தது. பத்து மணிக்குள் வெடித்து, ஈரச் சிறகோடு தொங்கியது. ‘கூடு’, ‘சிறகு’, ‘புழு’ என்ற மூன்று சொற்களை அந்தப் பிள்ளைகள் இனி மறக்க மாட்டார்கள். செடி மொட்டையாகிவிட்டதே என்று மருந்து அடித்துவிடாதீர்கள், இரண்டு வாரத்தில் துளிர்க்கும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார்கள், ஞாயிறு கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய சிரமம். கார்டு மெஷின் பாதி நாள் வேலை செய்யாது, பணமாகக் கொண்டுபோங்கள். ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன், இரண்டு நாள் தாமதம், ஆறு நாற்று ஒடிந்து வந்தது. அதற்குப் பிறகு நானே போய் எடுத்து வருகிறேன். பெரிய கன்றுக்கு ஆசைப்பட வேண்டாம். சின்னப் பையில் இருப்பது இரண்டு வருடத்தில் பெரியதை எட்டிவிடுகிறது, விலை கால்வாசிதான். நடுவதற்கு மழை தொடங்குகிற அக்டோபர் நல்லது. முதல் குளிர்காலம் மட்டும் வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும், இங்கே மழை இல்லாத காலம் அதுதான். பால்கனி மட்டும் இருப்பவர்களையும் அவர்கள் திருப்பி அனுப்புவதில்லை. என் தோழி ஒருத்தி மூன்றாவது மாடியில் நாலு தொட்டி வைத்திருக்கிறாள், தேன்சிட்டு வருகிறது.

இந்த ஆடியில் உம்ஞாமாதி எங்கள் குளியலறை ஜன்னலைத் தாண்டிவிட்டது. கூழ் ஊற்றுகிற நாள் காலை ஆயாவைக் காணோம். தேடிப் போனால், கம்பை ஊன்றிக்கொண்டு மரத்தடியில் நின்று, எட்டுகிற கிளையில் பழுதில்லாத இலையாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தார். செம்பைச் சுற்றிக் கட்டினார். வேம்பு இல்லையே ஆயா என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது அவரே சொன்னார். “அந்தக் கிழவனாண்ட சொல்லி இன்னொரு கன்னு வாங்கியா. கோயிலுக்குப் பின்னாடி எடம் சும்மாதான கெடக்குது.”

கோயில் கமிட்டியில் கேட்டுவிட்டோம், சம்மதித்துவிட்டார்கள். போன வாரம் பெய்த மழையில் குடையோடு போய் அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துத் தாளில் குறித்துக்கொண்டேன். இந்தச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நர்சரிக்குப் போகிறேன்.